தோற்கிற அணிக்குப் பதின்மூன்று வாரம்

உத்தண்டி சுங்கச்சாவடியைத் தாண்டி மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கானாத்தூர், முட்டுக்காடு, கோவளம் என்று வழிநெடுகப் பெரிய பங்களாக்கள் நிற்கின்றன. தமிழ்ச் சீரியல்களின் மாமியார் வீடுகள் பலவும் இந்தச் சாலையில்தான் இருக்கின்றன. மருமகள் அழுகிற கூடமும், மாமனார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிற மாடிப்படியும் நாள் வாடகைக்குக் கிடைக்கும். அந்த மதில்களுக்கு வெளியே, மாலை நாலரை மணிக்கு மேல், மணலில் வாலிபால் வலை கட்டுவார்கள். அரசுப் பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக் கபடி நடக்கும். கோவளத்தில் மீனவர் வீட்டுப் பையன்கள் அலைச்சறுக்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு கடலுக்குள் போவார்கள். கேமரா அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

பள்ளி விளையாட்டு அணி ஒன்றை நடுவில் வைத்து நகைச்சுவைத் தொடர் எடுப்பது உலகத் தொலைக்காட்சிக்குப் புதிதல்ல. அமெரிக்காவில் அரை நூற்றாண்டாக எடுக்கிறார்கள். பெரும்பாலானவை அற்பாயுளில் போய்விட்டன. ஜப்பானிலும் கொரியாவிலும் எடுத்தார்கள், கொண்டாடப்பட்டன. இந்தியாவில் ஒருமுறை, வேறொரு பெயரின் கீழ், அருமையாக அமைந்தது. தமிழ்ச் சின்னத்திரையில் நினைவில் நிற்கும்படி அப்படி ஒரு தொடர்கூட இல்லை. ஏன் என்று சேனல்காரர்களைக் கேட்டால், "யாருங்க பாப்பாங்க?" என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள். அந்தப் பதிலில் எனக்கு நம்பிக்கை இல்லை. கோளாறு நீளத்தில் இருக்கிறது என்பது என் கட்சி. பள்ளி அணி பிறக்கும்போதே குறைந்த ஆயுளோடு பிறக்கிறது. அதை இழுத்தால் உயிர் போய்விடும். நம் சேனல்களுக்கோ இழுக்கத்தான் தெரியும்.

முதலில் அமெரிக்கக் கணக்கைப் பார்த்துவிடலாம். 1976-இல் வந்து ஓடிய படம் ‘தி பேட் நியூஸ் பேர்ஸ்’. உருப்படாத சிறுவர் பேஸ்பால் அணி, குடிகாரப் பயிற்சியாளர். சி.பி.எஸ். நிறுவனம் அதை 1979-இல் நகைச்சுவைத் தொடராக்கி, ஜாக் வார்டனைப் பயிற்சியாளராகப் போட்டது. மறு வருஷமே மூட்டை கட்டிவிட்டார்கள். அதே சி.பி.எஸ். 1978 நவம்பரில் தொடங்கிய ‘தி ஒயிட் ஷேடோ’ லாஸ் ஏஞ்சலிஸ் பள்ளி ஒன்றின் கூடைப்பந்து அணியைப் பற்றியது. முழங்கால் போன முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரராகக் கென் ஹோவர்ட் வருவார். சிரிப்பு நிறைய உண்டென்றாலும் அடிப்படையில் நாடகம். 54 எபிசோடுகள் ஓடி 1981 மார்ச்சில் முடிந்தது. இந்தத் தொடரைச் செய்தவர்கள் ஒரு நேர்மையான காரியம் செய்தார்கள். மாணவர்கள் என்றால் என்றைக்காவது பள்ளியை முடிப்பார்கள் அல்லவா? முடிக்க விட்டார்கள். மூன்றாம் பருவத்தில் அணியில் புதுமுகங்கள் நிறைய. பார்வையாளர்கள் அவர்களோடு ஒட்டவில்லை; தொடரும் அதற்குமேல் நிற்கவில்லை.

2013 செப்டம்பரில் ஏ.பி.சி. தொடங்கிய ‘பேக் இன் தி கேம்’ பள்ளி வயதுப் பையன்களின் பேஸ்பால் அணியைப் பற்றியது. ஜேம்ஸ் கான் போன்ற பெரிய நடிகர் இருந்தும் 13 எபிசோடோடு சரி. டிஸ்னி பிளஸ் 2021-இல் விட்ட ‘பிக் ஷாட்’ பெண்கள் பள்ளிக் கூடைப்பந்து அணியின் கதை. இரண்டு பருவம் ஓடியது. 2023-இல் செலவைக் குறைக்கிறோம் என்று தளத்திலிருந்தே அழித்துவிட்டார்கள். தூர்தர்ஷன் நாடாக்கள் வீணாய்ப் போயின என்று நாம் அலுத்துக்கொள்வதுண்டு. பணக்கார நிறுவனம் வேண்டுமென்றே செய்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

நீண்ட நாள் தாக்குப்பிடித்தவையும் உண்டு. அவை எப்படித் தாக்குப்பிடித்தன என்பதுதான் கவனிக்க வேண்டியது. 1989 முதல் 1997 வரை ஓடிய ‘கோச்’ கல்லூரி அணியின் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளரைப் பற்றியது. அதில் ஆட்டக்காரர்கள் ஊறுகாய் அளவுக்குத்தான் வருவார்கள். கதை பயிற்சியாளரின் காதல், மகள், அலுவலக நண்பர்கள் பக்கம் போய்விடும். அணியை ஓரங்கட்டியதால்தான் ஆயுள் கிடைத்தது. என்.பி.சி. சனிக்கிழமைக் காலைகளில் 1995 முதல் 2000 வரை காட்டிய ‘ஹேங் டைம்’ 104 எபிசோடு. இந்தியானா மாநிலப் பள்ளி ஒன்றின் ஆண்கள் கூடைப்பந்து அணியில் ஒரு பெண் இடம்பிடிக்கிறாள் என்று தொடங்கும். பயிற்சியாளராக நடித்த ரெஜி தியஸ் உண்மையிலேயே என்.பி.ஏ. ஆட்டக்காரர். இங்கே உத்தி வேறு: வருஷத்துக்கு வருஷம் ஆள்களை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். பார்த்தவர்களும் பதின்பருவப் பிள்ளைகள் என்பதால், அவர்களும் வளர்ந்து போய்ப் புதுப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். நட்சத்திரமும் இல்லை, பெரிய செலவும் இல்லை. தரத்தில் சுமார்தான். ஆனாலும் பள்ளி என்பது ஆள் மாறிக்கொண்டே இருக்கும் இடம் என்பதைப் புரிந்துகொண்டு தாக்குப்பிடித்த தொடர் அது ஒன்றுதான்.

இனி நம் பக்கம். ஆர்.கே. நாராயண் 1935-இல் வெளியிட்ட ‘சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்’ நாவலை ஊர்க்கதை, பால்யக் கதை என்றெல்லாம் சொல்வார்கள். அதன் பின்பாதியை எடுத்துப் பாருங்கள். பள்ளிப் பையன்களின் கிரிக்கெட் அணியைப் பற்றிய முழு நீள நகைச்சுவை அது. மால்குடி கிரிக்கெட் கிளப், சுருக்கமாக எம்.சி.சி. அணிக்குப் பெயர் வைத்ததுமே, இதற்கு அரசாங்கம் வரி போடுமா என்ற பயம் வந்துவிடுகிறது. மட்டை, பந்து வேண்டுமென்று சென்னை மவுண்ட் ரோடு கடைக்குப் பெரிய மனிதர்கள் போலக் கடிதம் எழுதுகிறார்கள், காசு அனுப்பவில்லை. கடையிலிருந்து முன்பணம் கேட்டு வரும் பதிலை, இது நமக்கு வந்த கடிதமாக இருக்காது என்று பெருந்தன்மையோடு திருப்பி அனுப்புகிறார்கள். சுவாமிநாதன்தான் நட்சத்திரப் பந்துவீச்சாளன். அவனைப் பயிற்சிக்கு வரவிடாமல் தடுப்பது எது தெரியுமா? பள்ளிக்கூடத்து சாயங்கால டிரில் வகுப்பு. கட்டாய உடற்பயிற்சி, பையனின் விளையாட்டைக் கெடுக்கிறது. டிரில்லுக்குப் போகாததற்கு அடிவாங்க மறுத்து ஓடி, காட்டில் வழி தவறி, முக்கியமான மேட்ச் அன்று ஊரில் இல்லாமல் போகிறான். அணி தோற்கிறது. நண்பன் ராஜம் பேச மறுக்கிறான். கதை முடிகிறது.

1986-இல் சங்கர் நாக் இதை ‘மால்குடி டேஸ்’ தொடரின் பகுதியாக எடுத்தார். படப்பிடிப்பு கர்நாடகத்து ஆகும்பேயில், சுவாமியாக மாஸ்டர் மஞ்சுநாத், இசை எல். வைத்தியநாதன், கோட்டோவியம் நாராயணின் தம்பி ஆர்.கே. லக்ஷ்மண். சுவாமியின் கதைக்குச் சில வாரங்கள்தான் கொடுத்தார்கள். அதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது. நாற்பது வருஷம் கழித்தும் அந்த மெட்டைக் கேட்டால் ஐம்பது வயதுக்காரர்களுக்கு முகம் மாறுகிறது. தூர்தர்ஷன் அந்நாளில் தொடர்களுக்குப் பதின்மூன்று வாரம், இருபத்தாறு வாரம் என்று அளந்து அனுமதி கொடுக்கும். அந்த அளவை அப்போது எல்லோரும் திட்டினார்கள். எழுத்தாளனுக்கு முடிவு எங்கே என்று முன்பே தெரிந்திருந்ததால் கிடைத்த நன்மை, அந்த ஏற்பாடு போன பிறகுதான் தெரிந்தது.

சன் டி.வி. 1993-இல் வந்தது. தொண்ணூறுகளில் தனியார் சேனல்களிலும் வாரத் தொடர் வழக்கம் இருந்தது. கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரித்து, நாகா இயக்கிய ‘ரமணி வெர்சஸ் ரமணி’ போன்ற சுத்தமான நகைச்சுவைத் தொடர்கள் அந்தக் காலத்தின் விளைச்சல். பிறகு வாரம் ஐந்து நாள் சீரியல் எல்லாவற்றையும் விழுங்கியது. ‘கோலங்கள்’ 2003-இல் தொடங்கி 2009 வரை ஆயிரத்து ஐந்நூறு எபிசோடுகளைத் தாண்டியது. 2014-இல் தொடங்கிய ‘சந்திரலேகா’ எட்டு வருஷத்தில் இரண்டாயிரத்தைத் தாண்டியது. அந்த எட்டு வருஷத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளை கல்லூரியில் சேர்ந்திருப்பாள். பதினேழு வயதுக்குட்பட்டோர் கபடி அணியை வைத்து இரண்டாயிரம் எபிசோடு எப்படி ஓட்டுவது? இரண்டாம் வருஷமே அணியில் பாதிப் பேர் பொதுத்தேர்வு எழுதிவிட்டுப் போயிருப்பார்கள்.

பள்ளியை எடுத்துக்கொண்டு ஓரளவு நின்ற தமிழ்த் தொடர் விஜய் டி.வி.யின் ‘கனா காணும் காலங்கள்’, 2006 முதல் 2009 வரை. சீருடையோடு ஒரு தலைமுறையே அதைப் பார்த்தது. அதிலும் விளையாட்டு வந்துபோகும். கதையை நடத்தியது நட்பும் காதலும்தான். தினசரி ஓட வேண்டிய கட்டாயம் வந்தால் காதலை விட்டால் வேறு எரிபொருள் இல்லை. 2022-இல் ஹாட்ஸ்டாருக்காக அதே பெயரில் புதிதாக எடுத்தபோதும் அடுப்பு அதுவேதான். 2025 இறுதியில் ஜியோஹாட்ஸ்டாரில் வந்த ‘நடு சென்டர்’ பள்ளிக் கூடைப்பந்து அணியை நேரடியாகவே எடுத்துக்கொண்டது. நல்ல அடையாளம். ஆனால் அது நகைச்சுவை அல்ல. பள்ளிக்கூடம் என்றதும் முறைப்பும் மோதலும் முன்னே வந்து நிற்கிற தமிழ்த் திரை வழக்கத்தைச் சேர்ந்தது.

சினிமா மட்டும் விளையாட்டை விடவில்லை. ‘சென்னை 600028’ 2007-இல், ‘வெண்ணிலா கபடிக்குழு’ 2009-இல், பிறகு ‘இறுதிச்சுற்று’, ‘கனா’, ‘பிகில்’, ‘கென்னடி கிளப்’ என்று பெரிய வரிசை. 2024-இல் அரக்கோணத்து ‘ப்ளூ ஸ்டா’ரும் ‘லப்பர் பந்’தும் வந்தன. 2025-இல் மணத்தி கணேசனின் வாழ்வைத் தழுவி மாரி செல்வராஜ் எடுத்த ‘பைசன் காளமாடன்’ வந்தது. இவற்றில் பாதிக்கு மேல் நல்ல படங்கள். ஆனால் இரண்டரை மணி நேரத்தில் கடைசி இருபது நிமிஷம் இறுதிப் போட்டிக்கு என்று எழுதி வைத்த பத்திரம் ஒன்று இருக்கிறது. அந்தப் போட்டியில் ஜெயிக்க வேண்டும், அல்லது உயிரையாவது விட வேண்டும். ‘வெண்ணிலா கபடிக்குழு’ இரண்டையும் செய்தது. அந்தப் படத்தில் மக்கள் இன்றும் பேசுவது இறுதிப் போட்டியையா? சூரி உட்கார்ந்து பரோட்டா தின்ற காட்சியைத்தான். ‘சென்னை 600028’-இலும் சிரிப்பு உச்சத்துக்குப் போகும் இடம், வளர்ந்த ஆண்கள் பந்தய ஆட்டத்தில் பொடியன்களிடம் தோற்பது. அந்தப் பொடியன்கள் அணிக்கு அங்கே கிடைத்தது சில நிமிஷம்தான். அவர்களுக்கு ஒரு தொடர் கொடுத்திருக்கலாம் என்று அப்போதே தோன்றியது.

விளையாட்டு நகைச்சுவைக்கு வெற்றி விஷம். ஜெயிக்கிற அணியைப் பார்த்துக் கைதட்டலாம், சிரிக்க முடியாது. வாரா வாரம் தோற்கிற அணி வேண்டும். ஒவ்வொரு வாரமும் வேறு காரணத்துக்காகத் தோற்க வேண்டும். ஒரு வாரம் ஷூ பற்றாக்குறை, இன்னொரு வாரம் பஸ் வரவில்லை, அடுத்த வாரம் நன்றாக ஆடியே தோற்றார்கள் என்று. நம் சேனல்களில் தோல்வி என்றால் வயலின் போட்டு மூன்று நாள் அழவிடுவார்கள். சிரித்துக்கொண்டே தோற்பது எப்படி என்று நம் மைதானங்களுக்கு நன்றாகத் தெரியும், ஸ்டூடியோவுக்குத்தான் தெரியாது.

இதைச் சரியாகப் பிடித்தவர்கள் ஜப்பான்காரர்கள். தகேஹிகோ இனோவே 1990 முதல் 1996 வரை வரைந்த ‘ஸ்லாம் டங்க்’ படக்கதையில், ஒரு பெண்ணின் மனதைக் கவரக் கூடைப்பந்து அணியில் சேர்கிற முரட்டுப் பையனுக்குப் பந்தைத் தட்டவே தெரியாது. வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கும் கதை. ஆட்டம் தொடங்கினால் மூச்சுவிட விடாது. நாடளாவிய போட்டியில் பலம் மிக்க அணியை வென்ற கையோடு அடுத்த ஆட்டத்தில் அந்த அணி படுதோல்வி அடைகிறது. அதோடு கதையை முடித்தார். தொலைக்காட்சியில் 101 எபிசோடு வந்தது. 2022-இல் படமும் வந்து உலகெங்கும் ஓடியது. கதை நடப்பது கடலோரத்தில். காமகுராவில் அந்தத் தொடரில் வரும் ஒரு சாதாரண ரயில்வே கேட்டை, பின்னால் கடல் தெரியப் படம் பிடிக்க வெளிநாட்டிலிருந்து ஆள் வந்துகொண்டே இருக்கிறார்கள். மாமல்லபுரத்துச் சுற்றுலாவை வளர்க்கக் கூட்டம் போடுகிறவர்கள் இதை யோசிக்கலாம்.

கொரியாவின் எஸ்.பி.எஸ். 2021 மே மாதம் தொடங்கிய ‘ராக்கெட் பாய்ஸ்’ இன்னும் நமக்குப் பக்கத்தில் நிற்கிறது. நாட்டின் தென்மேற்குக் கோடியில் ஹேனம் என்ற விவசாயக் கடலோர வட்டாரம். நடுநிலைப் பள்ளி இறகுப்பந்து அணி ஆள் போதாமல் கலைகிற நிலையில் இருக்கிறது. சம்பளத்துக்காகப் பயிற்சியாளர் வேலையை ஒப்புக்கொண்டு சியோலிலிருந்து ஒருவர் பிள்ளைகளோடு வந்து சேர்கிறார். பக்கத்து வீட்டுக் கிழவி, முட்டைக்கோஸ் தோட்டம், வைஃபை இல்லாத வீடு என்று ஊரே பாத்திரமாகிவிடுகிறது. 16 எபிசோடு. ஆகஸ்ட்டில் முடிந்தது. அதை யாரும் அற்பாயுள் என்று சொல்லவில்லை, பதினாறு என்றே திட்டமிட்டு எழுதியதால். அமெரிக்கத் தொடர்கள் நீளமாக ஓடுவதற்கென்று தொடங்கி நடுவழியில் வெட்டுப்பட்டவை. கொரியர்கள் நீளத்தை முதலிலேயே முடிவு செய்துவிட்டுப் பேனாவை எடுத்தார்கள்.

அப்படியானால் இந்தக் கடற்கரைச் சாலை போகும் செங்கல்பட்டு மாவட்டத்தில் எடுக்க என்ன தடை? நடைமுறைக் கஷ்டங்கள் உண்மையானவைதான். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தமும் அதையொட்டி 2017-இல் வந்த விதிகளும் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நடிப்பதற்குக் கடிவாளம் போட்டிருக்கின்றன. நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமல் கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும். ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளையின் பெயரில் வங்கி வைப்பாகப் போக வேண்டும். எல்லாம் நியாயமான விதிகள்; தினசரி சீரியலுக்கு ஒத்துவராதவை. பதின்மூன்று வாரத் தொடருக்கு ஒரு கோடை விடுமுறை போதும். அதுவும் பதினேழு வயதுக்குட்பட்டோர் அணி என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலான பிள்ளைகள் பதினைந்து, பதினாறு வயது. சிக்கல் பாதியாகக் குறையும். மீசை முளைத்த இருபத்து நான்கு வயதுக்காரர்களுக்குப் பத்தாம் வகுப்புச் சீருடை மாட்டும் பழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். வட்டார அளவுப் போட்டிகளிலேயே வயது மோசடிப் பஞ்சாயத்து தீர்ந்தபாடில்லை, திரையிலும் வேண்டாம்.

எந்த விளையாட்டு என்பது அடுத்த கேள்வி. அமெரிக்கத் தொடர்கள் திரும்பத் திரும்பக் கூடைப்பந்தைப் பிடிப்பதற்குக் காரணம், 28 மீட்டர் நீளக் களம் கூரைக்குள் அடங்கும். கால்பந்தும் கிரிக்கெட்டும் வானத்தைக் கேட்கும், வெளிச்சத்தைக் கேட்கும், மழை வந்தால் கூலி மட்டும் ஓடும். நமக்குக் கபடி இருக்கிறது. ஆண்கள் களமே 13 மீட்டருக்கு 10 மீட்டர். பெண்களுக்கு அதைவிடச் சிறியது. பக்கத்துக்கு ஏழு பேர். பந்து, மட்டை ஒன்றும் வேண்டாம். கோட்டைத் தொட்டானா இல்லையா என்ற தகராறு எந்த ஆட்டத்திலும் உண்டு. அந்தத் தகராறே வசனம். 2014-இல் தொடங்கிய புரோ கபடி லீக், விளக்கொளியில் பாய்மேல் ஆடும் கபடி தொலைக்காட்சிக்கு எவ்வளவு பொருந்தும் என்று காட்டிவிட்டது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் அணி தங்கம் வென்றபோது, அதில் ஆடிய கண்ணகி நகர் கார்த்திகாவை ஊரே தோளில் தூக்கியது. பெண்கள் கபடி அணி என்றால் பார்க்க ஆள் இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

இந்தக் கடற்கரையில் வேறு ஆட்டங்களும் உண்டு. 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை மாமல்லபுரம் பூஞ்சேரியில் 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. வேட்டி கட்டிய குதிரை ‘தம்பி’ மாநிலமெங்கும் கும்பிட்டு நின்றான். வெண்கலம் வென்ற இந்திய ‘பி’ அணியில் பதினாறு வயது குகேஷும் பிரக்ஞானந்தாவும் இருந்தார்கள். இருவரும் சென்னை வேலம்மாள் பள்ளிக் குழுமத்தில் படித்தவர்கள். ஒரே பள்ளிக் குழுமத்தின் பிள்ளைகள் உலக மேடையில் உட்கார்ந்து ஆடினார்கள் என்பதே ஒரு தொடருக்கான கரு. செஸ்ஸில் நகைச்சுவை எங்கே என்று கேட்பவர்கள் மாவட்ட செஸ் போட்டிக்கு வெளியே காத்திருக்கும் பெற்றோர் கூட்டத்தை ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். 2025 ஆகஸ்ட்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி மாமல்லபுரத்தில் நடந்தது. ரமேஷ் புதிஹால் வெண்கலம் எடுத்தார். அவர் கேரளத்துக் கோவளத்தில் அலையேறப் பழகியவர். தமிழ்நாட்டுக் கோவளத்தில் மீனவரான மூர்த்தி மேகவன் ஊர்ப் பிள்ளைகளுக்கு அலைச்சறுக்குச் சொல்லிக்கொடுத்து ஒரு பள்ளியே உருவாக்கியிருக்கிறார். மாமல்லபுரத்துச் சிறுமி ஒருத்தியின் சறுக்குப்பலகை ஆட்டத்தைப் பற்றிய ‘கமலி’ குறும்படம் பாஃப்டா விருதுப் பரிந்துரை வரை போனது. எடுத்தவர் சாஷா ரெயின்போ என்ற வெளிநாட்டுப் பெண். மதிலுக்கு வெளியே இருப்பதைப் பார்க்க வெளியிலிருந்துதான் ஆள் வர வேண்டியிருக்கிறது.

எனக்குப் பிடித்தமான அணி இப்படி இருக்கும். கடலோர அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றின் பெண்கள் கபடி அணி. கட்டுமரத்தையும் ஃபைபர் படகையும் பார்த்து வளர்ந்தவள் ஒருத்தி. மூச்சு அவளிடம்தான் இருக்கிறது. சிற்பப் பட்டறையில் அப்பாவோடு கல்தூசிக்குள் வளர்ந்தவள் இன்னொருத்தி, பிடித்தால் விடமாட்டாள். கேளம்பாக்கம் உப்பளத்து வேலைக்குப் போகும் வீட்டிலிருந்து ஒருத்தி. வெளிநாட்டுக்காரர்களுக்கு அறை வாடகைக்கு விடும் வீட்டிலிருந்து ஒருத்தி, அவள் வாய்க்கு நாலு மொழி வரும். எதிரணி, கல்பாக்கம் அணுமின் நகரியத்துப் பள்ளி. அவர்களுக்கு மைதானமும் ஷூவும் எலுமிச்சைச் சாறும் உண்டு. மேட்சுக்குப் போனால் ‘ஓ.டி.’ கிடைக்கும், கணக்குப் பரீட்சையிலிருந்து தப்பலாம் என்பதற்காகவே அணியில் சேர்ந்த ஒருத்தியும் கட்டாயம் வேண்டும். அக்டோபர் வந்தால் மழை, டிசம்பர் வந்தால் புயல். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தது. மாவட்டப் போட்டிக்குக் கிளம்புகிற வாரத்தில் புயல் வராவிட்டால் அது செங்கல்பட்டுத் தொடரே இல்லை. கடற்கரைக் கோயில் வேண்டாம். தொல்லியல் துறையிடம் அனுமதி கேட்டு அலைய வேண்டும் என்பது ஒரு காரணம். பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிட்டது என்பது பெரிய காரணம்.

நடுவில் நிற்க வேண்டியவர் பி.டி. டீச்சர். தமிழ்த் திரை உடற்கல்வி ஆசிரியரைப் பிரம்பும் விசிலுமாக, அல்லது கோமாளியாக மட்டுமே கண்டிருக்கிறது. 2024-இல் ‘பி.டி. சார்’ என்றே படம் வந்தது. கதை வேறொரு கனமான பிரச்சினைக்குள் போய்விட்டது. உண்மைப் பள்ளியில் அசெம்பிளிக்கு வரிசை கட்டுவது, தலைமுடி நீளம் பார்ப்பது, சுதந்திர தினத்துக்கு மார்ச் பாஸ்ட் பழக்குவது, சத்துணவு வரிசையை அதட்டுவது, குறுவட்டப் போட்டிக்குப் பிள்ளைகளைப் பஸ் ஏற்றி அழைத்துப்போய்ச் சாப்பாடு வாங்கிக் கொடுத்துத் திரும்பக் கூட்டிவருவது எல்லாம் அந்த ஒருவர் தலையில். அவருடைய பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்குவார். திருப்பிக் கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை. உதயநிதி ஸ்டாலின் விளையாட்டுத் துறை அமைச்சரான பிறகு, பி.டி. பீரியடைக் கடன் வாங்காதீர்கள் என்று மேடையிலேயே கேட்டுக்கொண்டார். மாநிலமே சிரித்தது, காரணம் எல்லோருக்கும் தெரிந்திருந்ததுதான். ஒரு முழு எபிசோடை அமைச்சர் இலவசமாகக் கொடுத்திருக்கிறார்.

குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று பள்ளி விளையாட்டுக்கே ஒரு ஏணி இருக்கிறது. ஜூனில் பள்ளி திறந்து ஆள் சேர்ப்பதில் தொடங்கி, மாவட்டப் போட்டியில் தோற்று, மார்ச்சில் பொதுத்தேர்வு எழுத உட்காரும்போது அணி கலைகிறது. அதற்குமேல் ஒரு வாரம்கூட வேண்டாம். இரண்டாம் பருவம் எடுக்கலாமே என்று யாராவது கேட்டால், வேறு பிள்ளைகளை வைத்து, வேறு பள்ளியில் எடுக்கலாம்.

தனியார் சேனல்கள் இதைச் செய்யும் என்று நான் காத்திருக்கவில்லை. விளம்பரக் கணக்கு அவர்களை மாமியார் வீட்டை விட்டு வெளியே விடாது. தமிழ்நாடு அரசு 2019 ஆகஸ்ட்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சிக்கு டி.ஆர்.பி. பயம் கிடையாது. தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. இயக்கவும் ஒளிப்பதிவு செய்யவும் மாணவர்கள் தயார். வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில், இதே செங்கல்பட்டு மாவட்டத்து மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. களமும் உண்டு, ஆட்டம் சொல்லிக்கொடுக்க ஆளும் உண்டு. தரமணியிலிருந்து மாமல்லபுரம் வரை ஒரு மணி நேரப் பயணத்துக்குள் எல்லாம் அடங்குகின்றன. பள்ளிக் கல்வித் துறையும் விளையாட்டுத் துறையும் சேர்ந்து ஒரு கோப்பைத் திறந்தால் போதும்: பதின்மூன்று வாரம், அரை மணி நேரம், ஒரு பள்ளி, ஒரு பெண்கள் கபடி அணி, நிஜ மாணவிகள். வரும் கோடை விடுமுறையில் எடுத்து, ஜூனில் பள்ளி திறக்கும்போது ஒளிபரப்புங்கள்.